டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயின் ஈரம்: பிடிவி மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் நூற்பாலைகள், மருத்துவமனைகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் என்று சொந்த டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கும் உயரழுத்த மின் நுகர்வோர் 'ஆயில் டெஸ்ட்' எடுத்துக் கோப்பில் சேர்த்துவிடுவது வழக்கம். அந்த அறிக்கையில் பெரும்பாலும் ஒரே ஓர் எண்தான் இருக்கும். 'பிடிவி 52 கிலோவோல்ட், திருப்தி.' பிடிவி என்பது பிரேக்டவுன் வோல்டேஜ், அதாவது எண்ணெயில் பொறி பாயும் மின்னழுத்தம். எண்ணெயில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, சாம்பிள் எடுத்த நேரத்தில் எண்ணெய் என்ன சூட்டில் இருந்தது, எந்த வால்வில் எடுத்தார்கள் என்பதெல்லாம் இருக்காது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு டிரான்ஸ்ஃபார்மர் இந்த மழைக்காலத்தைத் தாங்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. எண்ணெயின் ஈரத்தை டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும் இடத்திலேயே சரியாக அளக்க முடியும். அதற்கு என்ன வேண்டும், எங்கே தப்பாகிறது என்பதை உங்கள் வாசகர்களில் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பொறுப்பாக இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே இதை எழுதுகிறோம்.

பிடிவி சோதனையைக் குறை சொல்லவில்லை. 2.5 மி.மீ. இடைவெளியில் இரண்டு எலெக்ட்ரோடுகள். எண்ணெயை ஊற்றி ஐந்து நிமிடம் அடங்கவிட்டு, விநாடிக்கு 2 கிலோவோல்ட் வீதம் அழுத்தத்தை ஏற்றி, பொறி பாயும் அளவைக் குறித்து, இரண்டிரண்டு நிமிடம் விட்டு ஆறு முறை செய்து சராசரி எடுக்கிறோம். அரை மணிக்குள் முடிந்துவிடும். எண்ணெய் வேலை செய்யும் எந்தக் காண்ட்ராக்டரிடமும் அந்தக் கிட் இருக்கும். ஆனால் அது சொல்வது, அந்த எண்ணெய் அந்தக் கிண்ணத்தில் அந்தச் சூட்டில் எவ்வளவு அழுத்தம் தாங்கியது என்பதை மட்டும்தான். கரைந்திருக்கும் தண்ணீர், எண்ணெயின் கொள்ளளவில், அதாவது அந்தச் சூட்டில் அது கரைத்து வைத்துக்கொள்ளக்கூடிய உச்ச அளவில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தொடும்வரை, சுத்தமான எண்ணெயில் பிடிவி பெரிதாக இறங்காது. அதே எண்ணெயில் பஞ்சிழையோ தூசியோ சேர்ந்துவிட்டால் கொஞ்ச ஈரத்துக்கே மளமளவென்று இறங்கும். ஈரம் ஊறிய இழைகள் மின்புலத்தில் இழுபட்டு இரண்டு எலெக்ட்ரோடுகளுக்கும் நடுவே பாலம் கட்டுவதுதான் காரணம். ஆக, 55 கிலோவோல்ட் காட்டிய எண்ணெயில் ஈரம் ஏறிக்கொண்டிருக்கலாம். 22 கிலோவோல்ட் காட்டியது, கிண்ணத்தைக் கழிவுப் பஞ்சால் துடைத்ததால் மட்டுமே இருக்கலாம். ஆறு அளவீடுகளில் ஒன்று 18, இன்னொன்று 60 என்று சிதறிக் கிடந்தால் முதலில் இழையைச் சந்தேகிக்க வேண்டும். சராசரியை மட்டும் எழுதித் தரும் அறிக்கையில் அதுவும் தெரியாது. ஆறு எண்களையும் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

ஈரத்தை பிபிஎம் கணக்கில் சொல்கிறோம். ஒரு கிலோ எண்ணெயில் எத்தனை மில்லிகிராம் தண்ணீர் என்பதே அது. இதில் பலரும் தவறவிடுவது, எண்ணெய் தாங்கும் தண்ணீரின் அளவு சூட்டோடு கடுமையாக மாறும் என்பதை. புதிய கனிம எண்ணெய் 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 55 பிபிஎம் வரைதான் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் 83, 40 டிகிரியில் 120, 60 டிகிரியில் 240 பிபிஎம் வரை கரையும். அறிக்கையில் '20 பிபிஎம்' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் 60 டிகிரியில் நிலையாக ஓடிக்கொண்டிருந்தபோது எடுத்ததென்றால், அது கொள்ளளவில் 8 சதவீதம், கவலை இல்லை. 30 டிகிரியில் எடுத்ததென்றால் 24 சதவீதம். உள்ளே காயிலைச் சுற்றிய காப்புத் தாள் நன்றாக ஈரம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். எண் ஒன்றுதான், சங்கதி வேறு. வெப்பநிலை எழுதாத பிபிஎம் எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

இதையே மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். 65 டிகிரியில் ஓடும் டிரான்ஸ்ஃபார்மரில் 60 பிபிஎம் இருக்கிறது. கொள்ளளவில் அது 21 சதவீதம்தான். பிடிவி நன்றாகவே வரும். அந்த டிரான்ஸ்ஃபார்மரை உதகை மாதிரி ஓர் ஊரில் டிசம்பர் இரவில் நிறுத்திவிட்டால், எண்ணெய் 10 டிகிரிக்கு இறங்கும்போது கரைந்து நிற்கக்கூடியது 36 பிபிஎம் மட்டுமே. மிச்சத்தை எண்ணெய் கைவிட்டாக வேண்டும். தாள் கொஞ்சம் உறிஞ்சும், ஆனால் குளிர்ந்த தாள் மெதுவாகத்தான் உறிஞ்சும். மற்றது துளியாகப் பிரிந்து அடியில் தங்கும். நாலு நாள் விடுமுறைக்குப் பிறகு காலையில் சுவிட்சைப் போட்டவுடன் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது என்றால், முதலில் இந்த வழியில் யோசித்துப் பார்க்க வேண்டும். நெடுநாள் நிறுத்தி வைத்ததை மறுபடி ஏற்றுமுன் அடி வால்வில் ஒரு சாம்பிள் கட்டாயம் எடுக்க வேண்டும் என்பது இதனால்தான்.

தாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் தண்ணீரில் மிகப் பெரும் பங்கு காயிலைச் சுற்றிய தாளிலும் பிரஸ்போர்டு என்ற அழுத்திய அட்டையிலும்தான் இருக்கிறது. எண்ணெயில் இருப்பது மிகச் சொற்பம். 6,000 லிட்டர் எண்ணெய் சுமார் 5,200 கிலோ. அதில் 20 பிபிஎம் என்றால் மொத்தத் தண்ணீரே 104 கிராம், அரை டம்ளர். அதே தொட்டியில் ஒரு டன் தாள் இருந்து அதன் ஈரம் 3 சதவீதம் என்றால் 30 கிலோ தண்ணீர், அதாவது இரண்டு குடம். எண்ணெயை அளப்பது அந்த அரை டம்ளரைக் கொண்டு இரண்டு குடத்தைக் கணிக்கும் வேலை. சூடேறினால் தாள் ஈரத்தை எண்ணெய்க்கு விடும். ஆறினால் திரும்ப வாங்கிக்கொள்ளும். இந்தப் போக்குவரத்து ஒரு மணி நேரத்தில் அடங்குவதில்லை, நாள்கணக்கு எடுக்கும். காலை ஷிஃப்ட் தொடங்கி ஒரு மணி நேரத்தில் சாம்பிள் எடுத்தால், எண்ணெய் சுட்டிருக்கும், தாள் இன்னும் ஈரத்தை விட்டிருக்காது. குறைவான எண் வந்து ஏமாற்றும். லோடு சில நாட்களாவது ஒரே மாதிரி ஓடியபின் எடுக்கும் சாம்பிள்தான் பேசும்.

இனி சாம்பிள் எடுப்பது. கருவி எவ்வளவு நல்லதானாலும் தவறு முக்கால்வாசி இங்கேதான் நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

மழை, பனிமூட்டம், புழுதிக்காற்று இருக்கும்போது எடுக்க வேண்டாம். கன்சர்வேட்டரில், அதாவது எண்ணெய் விரிந்து சுருங்க இடம் தரும் மேல் தொட்டியில், எண்ணெய் மட்டம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். மட்டம் ஏற்கெனவே இறங்கியிருந்தால் வால்வைத் தொடக்கூடாது. மேல் எண்ணெய் வெப்பமானியின் அளவைக் குறியுங்கள். புஷ்ஷிங்குகள் (மின்கம்பி உள்ளே நுழையும் காப்புக் குழல்கள்) திறந்தவெளியில் இருக்கும் தூண் டிரான்ஸ்ஃபார்மர்களில் லைன் கிளியர் (மின்சாரத்தை நிறுத்தியதற்கான அனுமதி) வாங்கி, எர்த் ராடு (தரையிணைப்புக் கம்பி) மாட்டி, பிறகுதான் அருகே போக வேண்டும். நிறுத்தியபின் எண்ணெய் ஆறுமுன், அரை மணிக்குள் எடுத்து முடித்துவிட வேண்டும். கன்சர்வேட்டர் இல்லாத மூடிய வகை டிரான்ஸ்ஃபார்மர்களில் இன்னொரு ஆபத்து உண்டு. எண்ணெய் ஆறியிருக்கும்போது உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்திருக்கலாம். வால்வைத் திறந்தால் எண்ணெய் வராது, காற்று உள்ளே போகும். அந்தக் குமிழ் காயிலுக்குப் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வால்வில் ஒரு கண்ணாடி போன்ற குழாயை மாட்டி, அதில் கொஞ்சம் எண்ணெய் நிறுத்தி, வால்வை மிக மெல்லத் திறந்து பார்க்க வேண்டும். குழாயிலுள்ள எண்ணெய் உள்நோக்கி நகர்ந்தால் உடனே மூடிவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர் சுட்டிருக்கும் வேறொரு நாளில் எடுக்கலாம்.

வால்வின் வாயை இழை உதிராத துணியால் உள்ளும் புறமும் துடையுங்கள். கழிவுப் பஞ்சு, பழைய பனியன் துணி எதுவும் கூடாது. வால்வின் கழுத்தில் மாதக்கணக்கில் தேங்கி நிற்கும் எண்ணெய் தொட்டிக்குள் இருக்கும் எண்ணெய் அல்ல. அங்கே துருவும் வண்டலும் வெளி ஈரமும் சேர்ந்திருக்கும். ஒன்றிரண்டு லிட்டரைத் தனி வாளியில் வடித்துவிட வேண்டும். சிறிய டிரான்ஸ்ஃபார்மரானால் எவ்வளவு வடிக்கிறோம் என்பதைக் கணக்கில் வைத்து, தேவையானால் அதே வகைச் சோதித்த எண்ணெயால் மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். முதலில் வருவதில் கண்ணுக்குத் தெரியும் தண்ணீர் துளி இருந்தால் அதைக் கொட்டிவிட்டு மறக்கக்கூடாது. அதுவே ஒரு முடிவு, எழுதி வையுங்கள்.

ஈர அளவுக்கு நல்ல பாத்திரம், மூவழி அடைப்பான் பொருத்திய கண்ணாடி சிரிஞ்ச். 20 மில்லியோ 50 மில்லியோ போதும். வால்விலிருந்து குறுகிய குழாய் மூலம் எண்ணெயைத் தன் அழுத்தத்திலேயே சிரிஞ்சுக்குள் ஏறவிட வேண்டும். பிஸ்டனைப் பிடித்து இழுக்கக்கூடாது, இழுத்தால் ஓரத்தில் காற்று புகும். பாதி நிரப்பி வெளியே தள்ளுவதை இரண்டு மூன்று முறை செய்து சிரிஞ்சைக் கழுவியபின், கடைசியாக நிரப்பி, முனையை மேல்நோக்கிப் பிடித்துக் குமிழை வெளியேற்றி அடைப்பானை மூடுங்கள். சிரிஞ்ச் இல்லையென்றால் நன்கு உலர்த்திய அடர்நிறக் கண்ணாடிப் புட்டி. குழாயின் நுனி புட்டியின் அடியைத் தொட வேண்டும், எண்ணெய் அடியிலிருந்து சலசலக்காமல் ஏற வேண்டும், விரிவதற்குச் சிறு இடம் மட்டும் விட்டு உடனே மூட வேண்டும். தண்ணீர் பாட்டில், கூல்டிரிங்ஸ் பாட்டிலில் வாங்கிப் போவது அடியோடு நிற்க வேண்டிய வழக்கம். உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் போதும் முடிவைக் கெடுக்க. மெல்லிய பிளாஸ்டிக் வழியாகவே ஈரம் ஊடுருவும். ஏ.சி. அறையிலோ ஏ.சி. காரிலோ குளிர்ந்த புட்டியைக் கடற்கரைக் காற்றில் திறந்தாலும் அப்படியே, உட்சுவரில் பனி படிந்துவிடும். புட்டி வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்தபின் திறவுங்கள்.

திறந்த புட்டி என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு. 5 பிபிஎம் மட்டுமே உள்ள உலர்ந்த எண்ணெயை, சென்னையிலோ தூத்துக்குடியிலோ 80 சதவீத ஈரப்பதமுள்ள 30 டிகிரிக் காற்றில் திறந்து வைத்தால், அது போய் நிற்கக்கூடிய அளவு 83-இல் 80 சதவீதம், அதாவது ஏறக்குறைய 66 பிபிஎம். உடனே அங்கே போகாது, ஆனால் அந்தத் திசையில்தான் ஒவ்வொரு நிமிடமும் நகரும். பிடிவி கிண்ணத்தில் ஊற்றி மீந்த எண்ணெயில் பிறகு ஈரம் பார்ப்பது இதனால்தான் கூடாது. ஈரத்துக்கான சாம்பிளை முதலிலும், பிடிவிக்கானதை அடுத்தும் எடுக்க வேண்டும்.

இடத்திலேயே அளக்க நம்பகமான முறை கார்ல் ஃபிஷர் கூலோமெட்ரிக் முறை. கார்ல் ஃபிஷர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1935-இல் வெளியிட்ட வினையை அடிப்படையாகக் கொண்டது. கருவியின் கலத்தில், அதாவது அதிலுள்ள சிறு மூடிய பாத்திரத்தில், இருக்கும் கரைசலில் மின்சாரம் அயோடினை உருவாக்கும். அந்த அயோடின் தண்ணீரோடு மட்டும், ஒரு மூலக்கூறுக்கு ஒரு மூலக்கூறு என்ற கணக்கில் வினைபுரியும். தண்ணீர் தீர்ந்தவுடன் அயோடின் மிஞ்சும், கருவி அதை உணர்ந்து நின்றுவிடும். எவ்வளவு மின்னூட்டம் செலவானது என்பதிலிருந்து தண்ணீர் எவ்வளவு என்று கிடைக்கும். ஒரு மில்லிகிராம் தண்ணீருக்கு சுமார் 10.7 கூலும். பேட்டரியில் ஓடும், கைப்பெட்டி அளவிலான கருவிகள் கிடைக்கின்றன. வண்டியின் பின்புறம் காற்றும் வெயிலும் படாமல் வைத்தே வேலை செய்யலாம்.

கருவியைப் போட்டவுடன் எண்ணெயைச் செலுத்தக்கூடாது. கலத்தின் சுவர்களிலும் மூடியிலும் உள்ள ஈரம் தீரும்வரை ஓடவிட வேண்டும். பயணம் செய்து வந்த கருவிக்கு அரை மணி நேரமாவது கொடுங்கள். கலத்தை ஒருமுறை சாய்த்துச் சுழற்றினால் சுவரின் ஈரமும் கரைசலுக்கு வரும். டிரிஃப்ட், அதாவது எண்ணெய் செலுத்தாதபோதும் கலத்துக்குள் வந்துகொண்டிருக்கும் ஈரம், நிமிடத்துக்கு 10, 20 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்து அசையாமல் நிற்க வேண்டும். இறங்காமல் அலைந்தால் பெரும்பாலும் ரப்பர் அடைப்பில் ஊசி குத்திக் குத்தி ஓட்டை விழுந்திருக்கும், அல்லது உலர்த்தும் குழாயில் உள்ள ஜெல் ஈரமாகியிருக்கும். இரண்டையும் உதிரியாகக் கையில் வைத்திருக்க வேண்டும். அடுத்து, நீர்த்தரம், அதாவது தண்ணீரின் அளவு முன்பே தெரிந்த சரிபார்ப்புக் கரைசல், உள்ள ஆம்பூலை (மூடிய சிறு குப்பி) உடைத்து அதைச் செலுத்திப் பாருங்கள். அது சரியாக வராத கருவியில் வரும் எண்ணெய் அளவை அறிக்கையில் எழுதக்கூடாது.

சாம்பிள் அளவு முக்கியம். 5 மில்லி எண்ணெய் சுமார் 4.35 கிராம். அதில் 20 பிபிஎம் ஈரம் இருந்தால் கருவி பார்க்கப்போவது 87 மைக்ரோகிராம் தண்ணீர். ஒரு மில்லி மட்டும் செலுத்தினால் 17 மைக்ரோகிராம்தான். அது டிரிஃப்டின் ஆட்டத்திலேயே தொலைந்துவிடும். உலர்ந்த எண்ணெய்க்கு 5 முதல் 10 மில்லி செலுத்துங்கள். செலுத்துமுன்னும் பின்னும் சிரிஞ்சை எடை போட்டு, வித்தியாசத்தைக் கருவியில் கொடுப்பது நல்லது. தராசு வைக்க இடமில்லையென்றால் கன அளவை அடர்த்தியால் பெருக்கலாம். குமிழைப் பற்றி மறுபடி சொல்கிறோம். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்று ஒரு மில்லியில் 24 மைக்ரோகிராம் தண்ணீர் இருக்கிறது. சிரிஞ்சில் ஒரு மில்லி குமிழ் இருந்தால், 5 மில்லி எண்ணெயில் 5 பிபிஎம்முக்கு மேல் கூடுதலாகக் காட்டும். ஒவ்வொரு சாம்பிளையும் இரண்டு முறை செலுத்துங்கள். இரண்டும் ஒத்துவந்தால் சராசரி, விலகினால் மூன்றாவது. முதலாவது கூடவும் இரண்டாவது குறையவும் வந்தால், ஊசியிலும் சிரிஞ்சிலும் இருந்த ஈரம் முதலாவதோடு போய்விட்டது என்று பொருள்.

பல சாம்பிள் செலுத்தியபின் கலத்தில் எண்ணெய் தனி அடுக்காகப் பிரிந்து நிற்கும். கலக்கி சுழன்றாலும் அந்த அடுக்குக்குள் இருக்கும் தண்ணீர் வினைக்கு வர நேரமெடுக்கும், முடிவு தாமதமாகும், ஊர்ந்து ஊர்ந்து ஏறும். கலக்கியை நிறுத்தி, எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிட்டு, மறுபடி டிரிஃப்ட் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். கரைசல் தீரும் தருணமும் இப்படித்தான் தெரியும். இன்னொன்று, மிகவும் பழுப்பேறிய பழைய எண்ணெயில் உள்ள ஆல்டிஹைடு, கீட்டோன் வகைப் பொருள்கள் கரைசலிலுள்ள மெத்தனாலோடு சேர்ந்து தண்ணீரை உண்டாக்கி, உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அப்படிப்பட்ட எண்ணெயை ஆய்வகத்தில் சூடாக்கி ஆவியை மட்டும் கலத்துக்கு அனுப்பும் முறையில் சரிபார்க்க வேண்டும். கரைசலில் மெத்தனாலும் கந்தக டைஆக்சைடும் உண்டு. மூடிய வண்டிக்குள் வேலை செய்ய வேண்டாம், கையுறை அவசியம்.

மின்தேக்கு சென்சார் உள்ள கைக்கருவிகளும் இப்போது வந்திருக்கின்றன. அவை கொள்ளளவில் எத்தனை சதவீதம் என்பதையும் வெப்பநிலையையும் நேரடியாகத் தரும். வால்வு வழியாக ஓடும் எண்ணெயிலேயே நுனியை வைக்கலாம். சாம்பிள் எடுக்கும் தவறே இல்லை. எங்கள் கருத்தில் மாதாமாதம் போக்கைப் பார்க்க இதைவிட வசதியானது இல்லை. ஆனால் எண்ணெய் நுனியைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அடியிலுள்ள வடிகால் வால்வில் தேங்கிய எண்ணெயில் மாட்டினால் அந்தக் கழுத்தின் ஈரத்தைத்தான் காட்டும். அதிலுள்ள 'பிபிஎம்' பொத்தானை அழுத்தினால் வருவது நேரடி அளவு அல்ல, புதிய எண்ணெயின் கரைதிறனை வைத்து அது போடும் கணக்கு. பழைய எண்ணெய் புதியதைவிடக் கூடுதலாகத் தண்ணீரைக் கரைக்கும் என்பதால் அந்த பிபிஎம் உண்மையைவிடக் குறைவாக வரும். சதவீதத்தை நம்புங்கள், பிபிஎம்மை நம்ப வேண்டாம். கனிம எண்ணெய்க்குப் பதிலாக எஸ்டர் என்ற வேறு வகை எண்ணெய் நிரப்பிய டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்த எச்சரிக்கை இருமடங்கு. அது சாதாரண வெப்பநிலையிலேயே ஆயிரம் பிபிஎம்முக்கும் மேல் கரைக்கும். கனிம எண்ணெயின் எல்லைகள் எதுவும் அதற்குப் பொருந்தாது.

சூடான இரும்புக் கம்பியை எண்ணெயில் விட்டுப் பொரியும் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கும் பழைய முறை, தனியாகப் பிரிந்த தண்ணீர் இருந்தால் மட்டும் பேசும். சத்தம் கேட்கவில்லை என்பதால் எண்ணெய் உலர்ந்தது என்று ஆகாது. கனிம எண்ணெயின் தீப்பற்று நிலை ஏறத்தாழ 140 டிகிரிதான். இந்தச் சோதனையை டிரான்ஸ்ஃபார்மர் முற்றத்தில் செய்பவர்களை உடனே நிறுத்துங்கள். கால்சியம் ஹைட்ரைடு பொடியைக் கலந்து வரும் வாயுவின் அழுத்தத்தை அளக்கும் கிட்களில் பல மசகு எண்ணெய்க்கு ஆனவை. அவற்றின் அளவே நூற்றுக்கணக்கான பிபிஎம்மில்தான் தொடங்கும். 15-க்கும் 30-க்கும் வித்தியாசம் பார்க்க வேண்டிய நமக்கு அவை உதவாது.

எண் வந்தபின் எதோடு ஒப்பிடுவது? சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60422 வழிகாட்டியின் 2013 பதிப்பில், ஓடும் வெப்பநிலையில் எடுத்த எண்ணெய்க்கு, 72.5 கிலோவோல்ட் வரையிலான டிரான்ஸ்ஃபார்மர்களில் 30 பிபிஎம்முக்குக் கீழ் நல்லது, 40-க்கு மேல் மோசம். அதற்கு மேல் 170 கிலோவோல்ட் வரை 20, 30. அதையும் தாண்டினால் 15, 20. நம் 11, 22, 33 கிலோவோல்ட் நுகர்வோர் எல்லாரும் முதல் வகை. நம் நாட்டில் ஓடும் எண்ணெயின் பராமரிப்புக்கு ஐ.எஸ். 1866 உண்டு. ஆனால் 35 டிகிரியில் ஓடும், லோடு குறைந்த டிரான்ஸ்ஃபார்மரில் 28 பிபிஎம் என்று வந்தால் 'எல்லைக்குள் இருக்கிறது' என்று கோப்பை மூடுவது தவறு. 35 டிகிரியின் கொள்ளளவான 100 பிபிஎம்மோடு வகுத்துப் பார்த்தால் அது 28 சதவீதம். நாளைக்கு முழு லோடு ஏறும்போது தாள் விடப்போகும் ஈரம் அந்த எண்ணில் இல்லை.

எண் கூடுதலாக வந்தால் உடனே 'ஃபில்டர் போடலாம்' என்பார்கள். 60 டிகிரிக்குச் சற்று மேல் சூடாக்கி வெற்றிடத்தில் ஓட்டும் நல்ல எந்திரம் எண்ணெயை 10 பிபிஎம்முக்குக் கீழ் கொண்டுவந்துவிடும்; அன்றைக்கு பிடிவி 70 கிலோவோல்ட் காட்டும். ஆனால் உலர்த்தியது அந்த அரை டம்ளரைத்தான். தாளின் இரண்டு குடம் அப்படியே இருக்கிறது. சில வாரங்களில் அது எண்ணெயைப் பழையபடி நனைத்துவிடும். ஃபில்டர் முடிந்த மறுநாள் எடுக்கும் சாம்பிள் எந்திரத்தைப் பற்றிச் சொல்லும், டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றிச் சொல்லாது. ஒரு மாதமும் மூன்று மாதமும் கழித்து, அதே லோடில், அதே சூட்டில் மறுபடி அளக்க வேண்டும். எண் திரும்ப ஏறிவிட்டால், காயிலைச் சூடாக்கித் தாளையும் சேர்த்து உலர்த்தும் வேலைக்குத் திட்டமிட வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் இழப்பு தாளுக்கு. ஈரம் இருமடங்கானால் தாளின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். சிதையும் தாள் தானே தண்ணீரையும் உண்டாக்கும்.

ஃபில்டருக்கு முன் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது இன்னும் முக்கியம். 1,000 லிட்டர் எண்ணெய் 30 டிகிரி ஏறி இறங்கினால் அதன் கன அளவு 22 லிட்டர் மாறும். அவ்வளவு காற்றையும் டிரான்ஸ்ஃபார்மர் இரவில் உள்ளே இழுக்கிறது, பகலில் வெளியே விடுகிறது. இடையில் நிற்பது, அந்தக் காற்று போய்வரும் குப்பியான பிரீதரில் உள்ள, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மட்டுமே. நீல ஜெல் இளஞ்சிவப்பாகவும், ஆரஞ்சு ஜெல் பச்சையாகவும் மாறும். சரியாக வேலை செய்யும் பிரீதரில் நிறம் கீழிருந்து மேலே மாறும். மேலிருந்து மாறத் தொடங்கினால் காற்று பிரீதரின் அடியைச் சுற்றிக்கொண்டு, மேல் இணைப்பிலோ குழாயிலோ உள்ள கசிவு வழியாகப் போகிறது. அடியிலுள்ள எண்ணெய்க் கிண்ணம் காய்ந்து கிடந்தால் ஜெல் எந்நேரமும் வெளிக்காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். வாரத்தில் நிறம் மாறிவிடும். புதிய பிரீதரை மாட்டும்போது காற்றுத்துளையை அடைத்து ஒட்டியிருக்கும் நாடாவை எடுக்க மறந்துவிட்டால், டிரான்ஸ்ஃபார்மர் மூச்சுக்கு வேறு வழி தேடும். காஸ்கெட் இடுக்கு, புஷ்ஷிங் தலை, பழைய வகைகளில் எக்ஸ்புளோஷன் வென்ட் எனும் அழுத்தம் வெளியேற்றும் குழாயின் விரிசல் விழுந்த சவ்வு, கன்சர்வேட்டர் மூடி ஆகியவை மழைநீர் நேராக இறங்கும் வழிகள். எண்ணெய் வெளியே கசியும் இடத்தை எல்லாரும் பார்க்கிறோம். எண்ணெய் மட்டத்துக்கு மேலே உள்ள கசிவில் எண்ணெய் வராது, தண்ணீர்தான் உள்ளே போகும். அதை யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே, எண்ணெய்ச் சோதனைக்குப் பணி ஆணை கொடுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் அதில் இவற்றை எழுத்தில் கேட்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாக வேண்டுகிறோம்: சாம்பிள் எடுத்த தேதி, நேரம், மேல் எண்ணெய் வெப்பநிலையும் வால்வில் வந்த எண்ணெயின் வெப்பநிலையும், முந்தைய மூன்று நாட்களின் லோடு, வெளிக்காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், எந்த வால்வு, எவ்வளவு வடித்தபின், எந்தப் பாத்திரத்தில், கார்ல் ஃபிஷர் அளவு இரண்டும் தனித்தனியாக, அன்றைய நீர்த்தரச் சரிபார்ப்பு எண், பிடிவியின் ஆறு அளவீடுகள், பிரீதரின் நிலை. ஒரு பக்கத் தாளில் இவ்வளவும் அடங்கும். மின் ஆய்வுத் துறையும் ஆண்டுச் சோதனைக்கான படிவத்தில் குறைந்தது வெப்பநிலைக்கும் பிபிஎம்முக்கும் இரண்டு கட்டங்கள் சேர்த்தால், அடுத்த ஆண்டு எண்ணை இந்த ஆண்டு எண்ணோடு வைத்துப் பார்க்க முடியும். செப்டம்பருக்குள் முதல் அளவும், மழை ஓய்ந்து ஜனவரியில் அதே லோடில் இரண்டாவது அளவும் எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
உயரழுத்த மின்சாதனப் பராமரிப்புப் பொறியாளர்கள்,
கோயம்புத்தூர்.